பேரழிவின் அடைமொழிகள்

ஆங்கிலத்தில் பேரழிவைக் குறிக்கும் பெயரடைகளுள் நாம் அடிக்கடி எதிர்கொள்பவை நான்கு: டிஸாஸ்ட்ரஸ், கேட்டஸ்ட்ராஃபிக், கலாமிட்டஸ், கேட்டக்ளிஸ்மிக். ஓர் அமைச்சரவை எடுத்த தவறான முடிவு, ஒரு நகரை மூழ்கடித்த வெள்ளம், விளைச்சல் பொய்த்துப்போன ஓர் ஆண்டு, ஒரு தீவையே சிதறடித்த எரிமலை ஆகியவற்றைப் பற்றித் தமிழில் எழுத நேர்ந்தால், ‘நாசகரமான’, ‘பேரழிவு தரும்’ என்ற இரண்டொரு தொடர்களுக்குள் நம் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. நான்கில் எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதை எடுத்து வைத்துவிடுகிறோம். அகராதியைப் புரட்டினாலோ, அது ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்து நம்மை வட்டத்துக்குள் சுற்றவிடுகிறது.

ஆனால் இந்நான்கும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. ஒன்று வானத்திலிருந்து வந்தது. ஒன்று நாடக மேடையிலிருந்து வந்தது. ஒன்று வயலிலிருந்து வந்ததாகப் பழையவர்கள் நம்பினார்கள். மற்றொன்று வெள்ளத்தில் பிறந்தது. நேர்ந்த அழிவுக்கு யார் காரணம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு சொல்லும் தன் பிறப்பிடத்திலேயே ஒரு விடையை ஒளித்துவைத்திருக்கிறது. ஆகவே, இவற்றை வாக்கியத்தில் பிழையின்றி ஆளுவது எப்படி என்ற கேள்வியை இலக்கண வகுப்போடு விட்டுவிட முடியாது. எந்த அடைமொழியை யார், எப்போது, எதற்காக இட்டார்கள் என்று பார்த்துக்கொண்டு போனால் அது பஞ்ச நிவாரண முகாம் வரைக்கும் நம்மை அழைத்துச் செல்கிறது.

வானத்திலிருந்து இறங்கிய சொல்

முதலில் ஓர் எழுத்துப்பிழையிலிருந்து தொடங்கலாம். ‘டிஸாஸ்டர்’ என்ற பெயர்ச்சொல்லின் இறுதியில் விகுதியை ஒட்டி, ‘டிஸாஸ்டரஸ்’ என்று நான்கு அசையாக எழுதுவோரும் உச்சரிப்போரும் ஏராளம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இதற்கு விலக்கல்லர். சரியான வடிவம் ‘டிஸாஸ்ட்ரஸ்’, மூன்றே அசை. நடுவிலிருந்த உயிரெழுத்து எங்கே போயிற்று? அது தொலைந்துபோகவில்லை; தொடக்கத்திலேயே அங்கு இல்லை. பெயர்ச்சொல்லும் பெயரடையும் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளிலிருந்து தனித்தனியே ஆங்கிலத்துக்குள் வந்தவை. பெயரடையின் பிரெஞ்சு, இத்தாலிய வடிவங்களில் அந்த உயிர் கிடையாது. ‘மான்ஸ்டர்’ ‘மான்ஸ்ட்ரஸ்’ ஆவதையும் ‘வொண்டர்’ ‘வொண்ட்ரஸ்’ ஆவதையும் நினைவில் வைத்துக்கொண்டால் பிழை நேராது.

இத்தாலிய மொழியில் ‘அஸ்த்ரோ’ என்றால் விண்மீன். அதன் முன் கேட்டைக் குறிக்கும் முன்னொட்டு சேர்ந்து ‘திஸாஸ்த்ரோ’ ஆயிற்று. தீய விண்மீன், அல்லது தீய விண்மீனின் பார்வைக்கு ஆளான நிலை என்பது பொருள். தமிழ் வாசகருக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதன்று. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் வானத்திலிருந்து ஒரு மீன் விழக் காண்கிறார். ஏழாம் நாள் சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபடுகிறான். நம் வழக்கில் உற்பாதம் என்றும் தூமகேது என்றும் வழங்கும் சொற்களுக்குப் பின்னால் இருப்பதும் இதே வானம்தான்.

தொடக்க கால ஆங்கிலத்தில் ‘டிஸாஸ்ட்ரஸ்’ என்ற பெயரடை, நேர்ந்துவிட்ட அழிவைக் குறித்ததைப் போலவே, நேரப்போகும் அழிவை முன்னறிவிப்பதையும் குறித்தது. 1667இல் வெளிவந்த ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தின் முதல் காண்டத்தில் மில்டன் இச்சொல்லைக் கிரகணத்தின் மங்கலான வெளிச்சத்துக்கு அடைமொழியாக்குகிறார். அந்த வெளிச்சம் யாரையும் கொல்லவில்லை. அரசர்களுக்குக் கேடு வரப்போகிறது என்று அறிவிக்கிறது. இன்றைய பொருளை மட்டும் அறிந்த வாசகர் அவ்விடத்தில் தடுமாறுவது இயல்பு.

மேடையின் கடைசிக் காட்சி

‘கட்டாஸ்ட்ரஃபி’ கிரேக்கச் சொல். ‘கீழே’, ‘திருப்புதல்’ என்ற இரு பகுதிகளால் ஆனது. தலைகீழாகக் கவிழ்தல் என்று கொள்ளலாம். நாடக இலக்கணத்தில் இது ஒரு கலைச்சொல். 4ஆம் நூற்றாண்டில் தெரென்ஸின் இன்பியல் நாடகங்களுக்கு உரையெழுதிய தொனாதுஸ், நாடகத்தின் இறுதிப் பகுதிக்கு இப்பெயரையே தருகிறார். முடிச்சு அவிழ்ந்து நிலைமை திரும்பும் கட்டம் அது. திருமணத்தில் முடிகிற நாடகத்துக்கும் ‘கட்டாஸ்ட்ரஃபி’ உண்டு! அழிவு என்ற பொருள் அதன் மீது பின்னாளில்தான் முழுமையாகப் படிந்தது.

விண்மீனும் மேடையும் ஒரே மனிதனின் வாயில் அடுத்தடுத்து வந்துவிழும் ஓர் இடம் ஷேக்ஸ்பியரில் உண்டு. 1608இல் முதன்முதலாக அச்சேறிய ‘லியர் அரசன்’ நாடகத்தின் முதல் அங்கம், இரண்டாம் காட்சி. அண்மையில் நேர்ந்த கிரகணங்களே குடும்பமும் நாடும் குலைவதற்குக் காரணம் என்று புலம்பிவிட்டு முதியவர் கிளாஸ்டர் வெளியேறுகிறார். தனித்து நிற்கும் எட்மண்ட், அவரையும் உலகத்தையும் எள்ளி நகையாடுகிறான். நம் நடத்தையால் விளையும் டிஸாஸ்டர்களுக்குச் சூரியனையும் சந்திரனையும் விண்மீன்களையும் குற்றவாளிகளாக்குகிறோமே, இதைவிட மடமை உண்டா என்பது அவன் வாதம். பேச்சு முடியும் தறுவாயில் அண்ணன் எட்கர் உள்ளே நுழைகிறான். பழைய இன்பியல் நாடகத்தின் கட்டாஸ்ட்ரஃபியைப் போலச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டான் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான் எட்மண்ட்.

இந்தக் காட்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அழிவைத் திட்டமிடுபவன் எட்மண்ட். தந்தையையும் அண்ணனையும் பிரிக்கும் பொய்க்கடிதம் அவன் எழுதியது. விண்மீன்கள் நிரபராதிகள் என்பதை அவனைவிட அறிந்தவர் யார் இருக்க முடியும்? மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு வசதி. 400 ஆண்டுகளுக்குப் பின்னரும் இந்த வசதி பலருக்குத் தேவைப்படுகிறது.

லிஸ்பன், 1755

1755 நவம்பர் 1. கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள். காலை வழிபாட்டு நேரத்தில் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனை நிலநடுக்கம் உலுக்கியது. தேவாலயங்கள் கூட்டத்தோடு இடிந்தன. திறந்தவெளி தேடித் துறைமுகத்துக்கு ஓடியவர்களைக் கடல் எழுந்து அடித்துச் சென்றது. திருநாளுக்காக ஏற்றியிருந்த மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் சரிந்து மூண்ட தீ நாள்கணக்கில் எரிந்தது. இறந்தோர் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் வெகுவாக வேறுபடுகின்றன. பல்லாயிரம் என்பதில் ஐயமில்லை.

இதை எந்தச் சொல்லால் அழைப்பது என்ற போராட்டம் உடனே தொடங்கிவிட்டது. இயேசு சபைத் துறவி மலக்ரிதா, இது நகரத்தாரின் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று 1756இல் சிறுநூல் வெளியிட்டார். இடிபாடுகளை அகற்றி நகரை மீண்டும் கட்ட ஆள் திரட்டிக்கொண்டிருந்த அமைச்சருக்கு (பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர்) இந்தப் பிரசங்கம் பெருந்தடையாக இருந்தது. மக்கள் செங்கல் சுமப்பதா, முழந்தாளிட்டு அழுவதா? மலக்ரிதா பிற்பாடு விசாரணை மன்றத்தால் தண்டிக்கப்பட்டு 1761இல் கொல்லப்பட்டார் என்பது இந்த வரலாற்றின் இருண்ட பக்கம்.

வோல்தேர் எழுதிய கவிதையின் தலைப்பிலேயே பிரெஞ்சு ‘தெஸாஸ்த்ர்’ இடம்பெற்றிருக்கிறது. எல்லாம் நன்மைக்கே என்ற அன்றைய தத்துவத்தை அக்கவிதை நொறுக்கியது. அதற்கு 1756 ஆகஸ்டில் கடிதமாக மறுமொழி எழுதிய ரூசோ, வேறொரு திசையில் விரலை நீட்டினார். ஆறேழு மாடி கொண்ட 20,000 வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையன்று. மக்கள் பரவலாகவும் இலேசான வீடுகளிலும் வாழ்ந்திருந்தால் சேதம் மிகக் குறைவாக இருந்திருக்கும். உடைமைகளை எடுக்கத் திரும்பிச் சென்று மாண்டவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் அவர் கேட்டார். ரூசோவின் குரலில் இரக்கம் குறைவு என்று சிலர் கருதக்கூடும். எனினும் வானத்திலும் விண்ணுலகிலும் காரணம் தேடிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், அவர் கட்டட அடுக்குகளை எண்ணிக் காட்டினார்.

பொம்பால் பிரபுவின் அரசு செய்ததும் கருதத்தக்கது. நாட்டின் பங்குக் குருமார்களுக்கு ஒரு வினாப்பட்டியல் அனுப்பப்பட்டது. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை முறை அதிர்ந்தது, கடல் முதலில் உயர்ந்ததா உள்வாங்கியதா, எத்தனை வீடுகள் இடிந்தன, எத்தனை பேர் இறந்தனர் என்பவை கேள்விகள். பாவத்தைப் பற்றிய கேள்வி அல்ல, அளவைப் பற்றிய கேள்வி. விடைத்தாள்கள் லிஸ்பனின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ‘எவ்வளவு பயங்கரம்’ என்பதற்கு முன்னால் ‘எவ்வளவு’ என்று கேட்கும் பழக்கம் அங்கே தொடங்கியது எனலாம்.

பாறைகளும் பயன்பாடும்

‘கேட்டஸ்ட்ராஃபிக்’ என்ற பெயரடை 19ஆம் நூற்றாண்டின் விளைச்சல். அதை வேரூன்றச் செய்ததில் புவியியலாளர்களின் சர்ச்சைக்குப் பெரும்பங்கு உண்டு. பூமியின் மேற்பரப்பு திடீர்ப் புரட்டல்களால் உருவானது என்று ஒரு சாரார் கூறினர். இன்று நம் கண்முன் நிகழும் மெதுவான அரிப்பும் படிவும் நெடுங்காலம் தொடர்ந்ததே போதும் என்று சார்லஸ் லயல் தம் ‘புவியியல் கோட்பாடுகள்’ (1830–33) நூலில் வாதிட்டார். 1832இல் அந்நூலுக்கு மதிப்புரை எழுதிய வில்லியம் ஹியூவெல்தான் முதல் தரப்புக்குக் ‘கட்டாஸ்ட்ரஃபிஸ்ட்’ என்றும் இரண்டாம் தரப்புக்கு ‘யூனிஃபார்மிட்டேரியன்’ என்றும் பெயர் சூட்டினார். அந்தச் சர்ச்சையின் மையம் அழிவின் அளவு மட்டுமன்று, அதன் வேகம். திடீரென்று, ஒரே வீச்சில், மீளமுடியாதபடி என்ற பொருட்கூறுகள் இப்பெயரடையோடு ஒட்டிக்கொண்டன. பொறியியலில் ‘கேட்டஸ்ட்ராஃபிக் ஃபெயிலியர்’ என்று சொல்லும்போது இன்றும் குறிக்கப்படுவது இதுவே: ஓர் உறுப்பு திடீரென, முற்றாக, சீர்செய்ய இயலாதபடி செயலிழப்பது.

இங்கே சற்று நின்று பயன்பாட்டைத் தொகுத்துக்கொள்வது நல்லது.

‘கேட்டக்ளிஸ்மிக்’ கிரேக்கத்தின் ‘பெருவெள்ளம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் நோவா காலத்து வெள்ளத்துக்கு அச்சொல்லே ஆளப்பட்டது. உலகின் முகத்தையே மாற்றிவிடும் நிகழ்வுக்கு மட்டும் இதைக் காத்துவைக்க வேண்டும். தமிழில் பிரளயம், ஊழி என்பன இதற்கு அண்மையில் நிற்கின்றன. 1883 ஆகஸ்டு 27 அன்று வெடித்து, தன் தீவின் பெரும்பகுதியையே கடலுக்குள் அமிழ்த்தி, எழுப்பிய அலைகளால் 36,000 பேருக்கு மேல் மாயக் காரணமான கிரகத்தோவா எரிமலைக்கு இச்சொல் பொருந்தும். பங்குச்சந்தையின் ஒருநாள் சரிவுக்குப் பொருந்தாது.

‘கலாமிட்டஸ்’ லத்தீன் வழி வந்தது. பயிரின் தாள் ஒடிந்துபோவதோடு இதைத் தொடர்புபடுத்தினர் பழைய லத்தீன் இலக்கணக்காரர்கள். இன்றைய சொற்பிறப்பாளர்கள் அதை ஏற்கத் தயங்குகிறார்கள். ஆனால் இச்சொல்லில் துயரின் சாயல் அதிகம். நிகழ்வைவிட அதை அனுபவித்தோரின் வாழ்வை நோக்கி இது திரும்பியிருக்கிறது. போர், பஞ்சம், கொள்ளைநோய் ஆகியவற்றால் ஒரு சமூகம் நெடுங்காலம் பட்ட இடும்பையைச் சொல்ல ஏற்றது, பேச்சுவழக்கில் அருகிவிட்டது.

‘கேட்டஸ்ட்ராஃபிக்’ திடீர்த்தன்மையும் மீளாமையும் சேர்ந்த இடத்தில் நிற்கும். அணை உடைதல், விமான இறக்கை முறிதல். மெதுவாகச் சரிந்த ஒன்றுக்கு இதை இட்டால் ஆங்கிலச் செவி முகம் சுளிக்கும்.

எஞ்சுவது ‘டிஸாஸ்ட்ரஸ்’. இதற்குப் பொழுது கணக்கில்லை. நொடியில் நேர்ந்ததற்கும் ஆண்டுக்கணக்கில் அரித்ததற்கும் பொருந்தும். விளைவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அடைமொழி இது. ஆகவேதான் இது அதிகமாக ஒட்டிக்கொள்ளும் பெயர்ச்சொற்கள் இவை: டிஸாஸ்ட்ரஸ் முடிவு, டிஸாஸ்ட்ரஸ் கொள்கை, டிஸாஸ்ட்ரஸ் படையெடுப்பு. விசித்திரத்தைப் பாருங்கள். விண்மீனில் பிறந்த சொல், நானூறு ஆண்டுகளில் படிப்படியாக இறங்கி, மனிதன் கையெழுத்திடும் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எட்மண்ட் சொன்னதை மொழியே ஒப்புக்கொண்டுவிட்டது போலும்.

ஆனால் கையெழுத்திட்டவர்கள் அத்தனை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை.

பஞ்சத்தின் அலுவல் மொழி

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் சூறையாடிய பஞ்சத்தைத் தமிழர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். அறுபதாண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டின் பெயர் அது. அந்தப் பெயரிலும் வானத்தின் சாயல் இருக்கத்தான் செய்கிறது. ஆண்டு வந்தது, பஞ்சம் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் பேர் மடிந்தனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

அரசாங்கத்தின் மொழியோ வேறு. 1873–74இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது, சர் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசி தருவித்து மக்களைக் காத்தார். சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது கண்டனம். அவருடைய செலவுக்கு ‘ஊதாரித்தனமான’ என்ற அடைமொழி இடப்பட்டது. மக்கள் பிழைத்துக்கொண்டதால், அத்தனை செலவுக்கு அவசியமே இருக்கவில்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். அதே டெம்பிளைத்தான் வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்குப் பஞ்சப் பிரதிநிதியாக அனுப்பினார். பழைய பழிச்சொல்லிலிருந்து விடுபடும் முனைப்போடு வந்த டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமே அளவு என்று குறைத்தார். சுமார் 450 கிராம். அதைத் தின்று மண் வெட்ட வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உடலுழைப்புக்கு அந்த அளவு போதாது, அது மெல்லக் கொல்லும் என்பது அவர் நிலைப்பாடு. சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் கடந்துபோன வாரங்களைத் திரும்பப் பெற முடியாது. இந்த வாதப் பிரதிவாதங்களை உடனிருந்து பதிவுசெய்தவர் பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி. 1878இல் வெளிவந்த அவருடைய இரு தொகுதிகள் இன்றும் இன்றியமையாத ஆதாரம்.

ஓர் அடைமொழி செலவின் மீது விழுந்தபோது இத்தனை பேர் கலங்கினார்கள். சாவின் மீது இடவேண்டிய அடைமொழி மட்டும் தாமதமாகவே வந்தது.

பின்னர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதையொட்டி 1883இல் தற்காலிகப் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. நியாயமாகச் சொன்னால், அது ஒரு முன்னேற்றம். பஞ்சத்தில் மக்கள் சாவதற்கு உணவின்மையைவிட வேலையும் கூலியும் அற்றுப்போவதே முதற்காரணம் என்று அந்த அறிக்கை கண்டுகொண்டது. ‘தட்டுப்பாடு’ வேறு, ‘பஞ்சம்’ வேறு என்று விதிகள் வரையறுத்தன. குறைந்த கூலிக்குச் சோதனை வேலைகளைத் திறந்து வைப்பார்கள். மக்கள் திரண்டு வந்தால் பஞ்சம் மெய் என்று பொருள். ‘பஞ்சம்’ என்று அறிவிக்கப்பட்ட மறுகணம் அரசுக்குக் கடமைகள் பிறந்துவிடும்: வேலை தரவேண்டும், குறிப்பிட்ட அளவு உணவு தரவேண்டும், இயலாதோரைத் தாங்கவேண்டும்.

சொல்லுக்குக் கடமை பிறக்குமானால், கடமையிலிருந்து தப்ப வழி என்ன? சொல்லாமல் இருப்பதுதான். 1943இல் வங்கத்தில் நடந்தது அது. கல்கத்தாவின் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆசிரியர் அயன் ஸ்டீஃபன்ஸ் 1943 ஆகஸ்டு 22 அன்று அப்படங்களை அச்சிட்டு உலகுக்குக் காட்டினார். ஆயினும் விதித்தொகுப்பின்படி வங்கத்தில் பஞ்சம் கடைசிவரை அறிவிக்கப்படவில்லை. பொறுப்பு ஆளுநர் ரூதர்ஃபோர்டு வைஸ்ராய்க்கு எழுதிய விளக்கத்தை அமர்த்தியா சென் தமது 1981ஆம் ஆண்டு நூலில் எடுத்துக் காட்டுகிறார். விதித்தொகுப்பு சொல்லும் அளவு உணவைத் தர எங்களிடம் உணவு இல்லை, ஆகவே அதை அமல்படுத்தவில்லை என்பது அவ்விளக்கத்தின் சாரம். இறந்தோர் 15 லட்சம் என்றது அரசு அமைத்த விசாரணை ஆணையம். 30 லட்சத்தை நெருங்கும் என்பது சென்னின் கணிப்பு. இரண்டு எண்களுள் எதை எடுத்துக்கொண்டாலும், அத்தனை பேரும் சட்டப்படி பஞ்சமில்லாத ஒரு நாட்டில் பட்டினியால் மடிந்திருக்கிறார்கள்.

‘இயற்கை’ என்ற அடைமொழி

இதுவரை பார்த்த நான்கையும்விட நம் கவனத்திலிருந்து நழுவுகிற ஐந்தாவது பெயரடை ஒன்றுண்டு. ‘நேச்சுரல்’. டிஸாஸ்டரின் முன்னால் வந்து அமர்ந்துகொள்ளும் இந்த எளிய சொல்லைப் பெரும்பாலும் எவரும் ஐயுறுவதில்லை. 1976 பிப்ரவரி 4 அன்று குவாத்தமாலாவில் நேர்ந்த நிலநடுக்கத்தில் சுமார் 23,000 பேர் மாண்டனர். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மலைச்சரிவுகளில் மண்வீடுகளிலும் நகரத்தின் பள்ளத்தாக்குச் சேரிகளிலும் வாழ்ந்த ஏழைகள். நல்ல கட்டடங்களில் இருந்தோர் ஓரளவு தப்பினர். நில நடுக்கமா, வர்க்க நடுக்கமா என்று கேட்கும் வகையில் ‘கிளாஸ்குவேக்’ என்றொரு சொல் ஆங்கிலத்தில் பிறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஓகீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் ஆகிய மூவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இயற்கைப் பேரழிவிலிருந்து ‘இயற்கை’யை அகற்றுவோம் என்பதே அதன் தலைப்பின் கருத்து. நிலநடுக்கமும் புயலும் இயற்கை. அவற்றைப் பேரழிவாக்குவது மனிதர் வாழ நேர்ந்த இடமும் வகையும் வறுமையும் என்பது அவர்கள் வாதம். 220 ஆண்டுகளுக்கு முன் ரூசோ மாடிகளை எண்ணியதன் மறுதொடர்ச்சி இது.

இதில் ஒரு மறுப்புக்கும் இடமுண்டு. எல்லா அழிவுக்கும் மனிதரையே குற்றவாளியாக்கினால், உண்மையிலேயே கணிக்க முடியாத, தடுக்க முடியாத நிகழ்வுகளும் இருக்கின்றன என்பதை மறந்துவிடுவோம். பாதிக்கப்பட்டவர் மீதே பழி திரும்பும் ஆபத்தும் உண்டு. ‘ஏன் அங்கே வீடு கட்டினாய்?’ என்று ஏழையிடம் கேட்பது மிக எளிது. ஆகவே ‘இயற்கை’ என்பதைத் தடைசெய்ய வேண்டியதில்லை. எதற்கு அடையாக வருகிறது என்று பார்க்க வேண்டும். மழைக்கு அடையாக வரட்டும். மழைநீர் வடியாமல் போனதற்கு வரவேண்டாம்.

சட்டத்திலும் நாளிதழிலும்

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் இந்தியா பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அதன் ஆங்கில மூலத்தில் ‘டிஸாஸ்டர்’ என்பதற்குத் தரப்பட்ட வரையறையில் ‘கட்டாஸ்ட்ரஃபி’யும் ‘கலாமிட்டி’யும் அருகருகே நிற்கின்றன. விண்மீனுக்குப் பொருள் சொல்ல மேடையையும் வயலையும் அழைத்திருக்கிறார்கள்! ஆனால் வரையறை அத்தோடு நிற்கவில்லை. இயற்கைக் காரணங்களோடு மனிதக் காரணங்களையும், விபத்தோடு கவனக்குறைவையும் அது சேர்த்துக்கொள்கிறது. பாதிக்கப்பட்ட சமூகத்தால் தாங்கிக்கொள்ள இயலாத அளவு என்பதையும் அளவுகோலாக வைக்கிறது. சொற்பிறப்பைவிடச் சட்டம் நேர்மையாக இருக்கிறது என்றே சொல்லவேண்டும்.

அடைமொழியின் விலை இங்கும் தெரியத்தான் செய்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது ‘தேசியப் பேரிடர்’ என அறிவிக்கக் கோரிக்கை எழுந்தது. அப்படி ஒரு வகையே விதிகளில் இல்லை என்றது ஒன்றிய அரசு. ‘தீவிரத் தன்மை கொண்ட’ பேரிடர் என்ற அடைமொழியைத் தந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஊர்களை மண்ணோடு மண்ணாக்கியது. அதே அடைமொழி அந்த நிகழ்வுக்குக் கிடைக்க டிசம்பர் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அகராதிக்காரர் ஒரு நிமிடத்தில் தேர்ந்துவிடும் சொல்லை, புதைந்த ஊரின் மக்கள் ஐந்து மாதம் எதிர்பார்த்திருந்தார்கள்.

நம் நாளிதழ்களுக்கு உகந்த அடைமொழி ஒன்றுண்டு: ‘வரலாறு காணாத’. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னையில் பெய்த மழைக்கும் இதுவே சூட்டப்பட்டது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது, மிகப்பெரிய மழைதான். ஆனால் அதே நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது சுமார் 29 செ.மீ. அதே நுங்கம்பாக்கம் 1976 நவம்பரில் ஒரே நாளில் சுமார் 45 செ.மீ. மழையைக் கண்டிருக்கிறது. அந்த இடத்தைப் பொறுத்தவரை வரலாறு கண்டிருக்கிறது. நாம்தான் வரலாற்றைப் பார்க்கவில்லை. பின்னர் 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் திறப்பையும் ஆக்கிரமிப்புகளையும் ஆராய்ந்து, இவ்வெள்ளத்துக்கு ‘மனிதரால் விளைந்த’ என்ற அடைமொழியை இட்டது. முதல் அடைமொழிக்கு விசாரணை தேவைப்படவில்லை. இரண்டாவதற்குப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

எனவே ‘டிஸாஸ்ட்ரஸ்’ என்ற சொல்லை வாக்கியத்தில் எப்படிப் பிழையின்றி ஆளுவது என்று கேட்கும் மாணவருக்கு நாம் தரக்கூடிய விடை இது. எழுத்தில் நடு உயிரை விட்டுவிடுங்கள். திடீரென முற்றாக முறிந்ததற்கு ‘கேட்டஸ்ட்ராஃபிக்’, உலகம் புரண்டதற்குக் ‘கேட்டக்ளிஸ்மிக்’, நெடுந்துயருக்குக் ‘கலாமிட்டஸ்’ என்று பகுத்துக்கொள்ளுங்கள். ‘டிஸாஸ்ட்ரஸ்’ என்று எழுதியபின், அடுத்து வரும் பெயர்ச்சொல் எதுவென்று பாருங்கள். மழை, கடல், காற்று என்று எழுதியிருந்தால், கொள்கை, உத்தரவு, கட்டடம் என்ற சொற்களில் ஏதேனும் அங்கே வந்திருக்க வேண்டுமா என்று ஒருமுறை எண்ணிப்பார்த்துவிட்டு முற்றுப்புள்ளி வையுங்கள்.